மஞ்சள் கருவும் பொலிகாளையும்

மாடு சினை நிற்கவில்லை என்றால் நம் ஊரில் பழி மாட்டின் மேல்தான் விழும். "மூணு ஊசி போட்டாச்சு, இனி சந்தைக்குத்தான் டாக்டர்" என்ற பேச்சைக் கால்நடை மருத்துவராக இருந்த காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். எந்தக் காளையின் விந்து என்று கேட்டவர்கள் அபூர்வம். காளையின் பங்கை அளந்து பார்க்க அறிவியலுக்கே நெடுங்காலம் பிடித்தது.

இந்தியாவில் சினை ஊசியின், அதாவது செயற்கைக் கருவூட்டலின் கதை 1939-ல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் தொடங்குகிறது. தொடங்கி வைத்தவர் டாக்டர் சம்பத் குமரன். அன்று விந்தைச் சேகரித்த கையோடு செலுத்திவிட வேண்டும். தாமதித்தால் உயிரணுக்கள் செத்துவிடும்.

அந்தத் தடையை உடைத்தது கோழிமுட்டை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பால் பிலிப்ஸும் ஹென்றி லார்டியும் முட்டையின் மஞ்சள் கருவை விந்தோடு கலந்து குளிரில் வைத்தார்கள். உயிரணுக்கள் நாள்கணக்கில் தாங்கின. 1940-ல் அந்தக் கலவையின் செய்முறை வெளிவந்தது. மஞ்சள் கரு ஏன் காக்கிறது என்பதற்கு மட்டும் முழு விடை கிடைக்கவில்லை.

அடுத்த பாய்ச்சல் 1949-ல், லண்டனின் மில் ஹில் ஆய்வகத்தில். கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் சேவல் விந்தை உறைய வைக்க முயன்றார்கள். சர்க்கரைக் கரைசல் என்று நம்பி எடுத்த ஒரு புட்டியால் உயிரணுக்கள் பிழைத்தன. சோதித்தபோது அதில் இருந்தது கிளிசரின். 1951-ல் உறைவிந்தால் கன்று பிறந்த செய்தியும் வந்தது. இன்று மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் கேனில் அமிழ்ந்து கிராமத்துக்கு வரும் உறைவிந்துக் குச்சிக்கு அடிப்படை அந்தக் கிளிசரினும் மஞ்சள் கருவும்தான்.

குச்சி கால் மில்லி. அதற்குள் சுமார் 2 கோடி உயிரணுக்கள். 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்து எடுத்து, ஈரம் துடைத்து, முனையை வெட்டி, வெதுவெதுப்பான கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்போம். பாதியாவது நேராக முன்னோக்கி நீந்தினால் தேர்ச்சி. சில காளைகளின் விந்து கண்ணுக்குக் குறையே இல்லாமல் நீந்தும். ஆனால் ஊசி போட்ட மாடுகள் அடுத்தடுத்துப் பருவத்துக்குத் திரும்பும். வேறொரு காளையின் விந்து அதே வேகத்தில்தான் நீந்தும், மாடுகள் சட்டென்று சினை நிற்கும். கண் பார்த்துச் சொல்ல முடியாத வேறுபாடு அது.

அந்த வேறுபாட்டைப் புரதங்களில் தேடியவர்களில் முக்கியமானவர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேரி கில்லியன். ஹோல்ஸ்டீன் இனக் காளைகளின் விந்துநீரைப் பிரித்துப் பார்த்த அவர் குழு 1993-ல் நான்கு புரதங்களைச் சுட்டிக்காட்டியது. இரண்டு, நன்றாகச் சினை பிடிக்க வைக்கும் காளைகளில் மிகுந்திருந்தன. மற்ற இரண்டும் சினைத்திறன் குறைந்த காளைகளில் மிகுந்திருந்தன. நல்ல இரண்டில் ஒன்று, எலும்பில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த ஆஸ்டியோபான்டின் என்பது பின்னர் தெரிந்தது.

முட்டையின் புதிரை அவிழ்த்தது கனடாவின் மொன்ட்ரியாலில் புட்டசாமி மஞ்சுநாத்தின் குழு. காளையின் விந்துப்பையில் சுரக்கும் சில புரதங்கள் விந்து வெளியேறும்போதே உயிரணுவின் மேல்சவ்வில் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து கொழுப்பை உருவத் தொடங்கும். பசுவின் கருப்பாதையில் அந்த உயிரணு கருமுட்டையைத் துளைக்கத் தகுதி பெற இது உதவுகிறது. அதே வேலை சேமிப்புக் குழாயில் மணிக்கணக்கில் நடந்தாலோ சவ்வு நைந்து உயிரணு சாகும். மஞ்சள் கருவிலுள்ள கொழுப்புப்புரதத் துகள்கள் இந்தப் புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று 2002-ல் அவர்கள் காட்டினார்கள். விஸ்கான்சினில் கையாளத் தொடங்கிய மஞ்சள் கரு ஏன் காக்கிறது என்பது அறுபது ஆண்டுகள் கழித்துத் தெளிந்தது.

ஒரே ஒரு புரதத்தை வைத்துக் காளையை ஏற்கவோ கழிக்கவோ முடியாது. பருவம் பார்த்து ஊசி போடும் நேரம், தீவனம், நைட்ரஜன் குறையாத கேன், போடுபவரின் கை எல்லாமே கணக்கில் வரும். ஆனாலும் சினை நிற்காததற்குப் பசு மட்டுமே காரணம் என்ற தீர்ப்பு செல்லாது.

மாடு வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒவ்வொரு உறைவிந்துக் குச்சியிலும் காளையின் எண் அச்சிட்டிருக்கும். ஊசி போட்டதும் அந்த எண்ணைக் கேட்டு, தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். சினை நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி, அடுத்த முறை வேறு காளையின் விந்தைக் கேளுங்கள். பசுவைச் சந்தைக்கு ஓட்டும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும்.