பெயர் போட்ட காசு

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது எங்கள் தெருப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ பிடித்தார்கள். வெளிநாட்டுக் கிறிஸ்தவர் ஒருவர் போட்டோவைப் பார்த்து ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார். அந்தப் பிள்ளைக்கென்றே மாதாமாதம் பணம் அனுப்புவார். எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிநேகிதிக்குக் கிடைத்தது. நோட்டு, யூனிபார்ம், சாயங்காலச் சாப்பாடு. பதிலுக்கு அவள் கடிதம் எழுத வேண்டும். பட்டாசு ஆபீஸில் அம்மாவுக்குக் கை வெந்துபோனதை எழுதிவிட்டாள். (தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கு.) சார் தாளை வாங்கிக் கிழித்தார். "அதெல்லாம் எழுதாத பிள்ள, அவங்க சங்கடப்படுவாங்க." போர்டில் இருந்ததைப் பார்த்து எழுதினாள்: நான் நலம், நன்றாகப் படிக்கிறேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

எம்.ஏ. படிக்கும்போது யாழ்ப்பாணத்துப் புலவர்களின் பெயர்களில் வந்து முட்டிக்கொண்டபோதுதான் அந்தக் கடிதம் திரும்ப ஞாபகம் வந்தது. கரோல் விசுவநாதபிள்ளை. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. 'பாவலர் சரித்திர தீபகம்' (1886) எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. சி.வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரியானவர் இந்தக் கரோல் விசுவநாதபிள்ளை என்று எங்களுக்குப் பாடம் நடந்தது. 'கரோல்' எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைத் தங்கவைத்துச் சோறு போட்டுப் படிப்பிக்கப் பணம் வேண்டும். அமெரிக்காவில் ஒருவரோ ஒரு சபையோ ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்கலாம். ஏற்றவர் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயரும் தரலாம். தம் பெயர், இறந்துபோன உறவினர் பெயர், மதித்த போதகர் பெயர். இது அமெரிக்கர்கள் மட்டும் கண்டுபிடித்த வழியல்ல. இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கமும் மேற்கு ஆப்பிரிக்கப் பிள்ளைகள் விஷயத்தில் ஆண்டுக்கு ஐந்து பவுண்டுக்கு இதையே செய்தது. பொதுநிதியில் போடும் காசு கரைந்துபோகிறது. பெயர் போட்ட காசு ஒரு உடம்பில் நிற்கிறது. கொடுப்பவருக்குத் தேவைப்பட்டது அந்த நிற்றல். வட்டுக்கோட்டைச் செமினரியில் (1823–1855) படித்தவர்கள் பெயர்களை இப்படி வாசிக்கிறேன்: முன்பாதி ரசீது, பின்பாதி வீடு. ஆனால் அவர்கள் இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொண்டார்கள், ஒன்றை ஒன்று அழித்துவிடவில்லை. இதை வெறும் அடிமைத்தனம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ரசீதை வைத்துத்தான் அவர்கள் கணிதமும் தர்க்கமும் படித்தார்கள், தமிழில் நூல் எழுதினார்கள்.

இந்தப் பக்கம் திருநெல்வேலியில் ஊருக்கே பெயர் போட்டார்கள். துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களைக் குடியேற்ற ரேனியுஸ் ஐயர் நிலம் வாங்கியபோது பிரஷ்யாவின் டோனா பிரபு பணம் கொடுத்தார், 1827இல் டோனாவூர் உண்டானது. அதே ஊரில் 1901 முதல் இருந்த ஏமி கார்மைக்கேல் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். புத்தகமாக எழுதிக் குவித்தார். உலகமெங்கும் வாசிக்கப்பட்டன. எழுதுவதும் ஒருவகையில் கேட்பதுதான் என்பது என் சந்தேகம்.

சிவகாசிக் கதை வேறு தினுசு. சென்னையில் சங்கத்தின் செயலாளராகக் கணக்குவழக்குப் பார்த்த ராக்லண்ட் அதை விட்டுவிட்டு, 1854இல் வட திருநெல்வேலிக்கு வந்து கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1858 அக்டோபர் 22இல் சிவகாசியில் செத்துப்போனார். அவரோடு சுற்ற, தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பின. அனுப்பும் பழக்கம் அதற்குள் இங்கேயே வந்துவிட்டது. 1903இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலானோர் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல் பக்கம் ஆள் அனுப்பினார்கள். மொழி தெலுங்கு, அந்த நாள் திருநெல்வேலிக்காரருக்கு அதுவும் வெளிதேசந்தான். வெள்ளைக்காரர் காசு வேண்டாம், இந்தியர் பணம் போதும் என்பது அவர்கள் கொள்கை. இந்தச் சபைகளில் 'பிடி அரிசி' என்றொரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவைத்து ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். எந்தப் பிடி யாருடையது என்று பிரித்துக் காட்ட முடியாது. கடிதம் கேட்க முடியாது. 1910இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் எல்லாம் கொடுத்துவிட்டீர்கள், சிநேகம்தான் பாக்கி என்கிற பொருளில் பேசியபோது, அந்தக் கலயத்தின் பலம் அவருக்குப் பின்னால் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் நம்மைப் பற்றிப் பெருமைப்பட ரொம்ப ஒன்றுமில்லை. இன்று எங்கள் பக்கத்துச் சபைகளில் வடநாட்டு ஊழியத்துக்குக் காணிக்கை கொடுக்கும் வீடுகளில் மிஷனரி குடும்பத்தின் போட்டோ போட்ட ஜெப அட்டை தொங்குகிறது. ஆதிவாசிப் பிள்ளை ஒன்று கூட நிற்கிறது. வரிசையில் நின்றவர்கள் இப்போது காமிரா பிடிக்கிறோம்.

அரசாங்கமும் ஒரு கை வைத்தது. நெருக்கடிநிலையின்போது, 1976இல், வந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010இல் புதிதாக எழுதப்பட்டு, 2020இல் இன்னும் இறுக்கப்பட்டது. பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு கிளையில்தான் இறங்க வேண்டும். ஒரு அமைப்பு வாங்கியதை இன்னொன்றுக்குக் கைமாற்றக் கூடாது. அதற்கு முன்பே, முன் அனுமதிப் பட்டியலில் வைக்கப்பட்ட கம்பேஷன் இன்டர்நேஷனல் 2017 மார்ச்சில் இந்தியாவைவிட்டு வெளியேறியது. ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே மாதத்தில் 'அவங்க' இல்லாமல் போனார்கள். மதமாற்றம் என்று ஒரு பக்கம், மத சுதந்திரம் என்று மறு பக்கம் சத்தம். சாயங்காலச் சாப்பாட்டைப் பற்றி இரண்டு பக்கமும் எழுதிய மாதிரி தெரியவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் சிநேகிதியைப் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீஸ் வேலை. மகளுக்கு அந்த வெளிநாட்டு அம்மாவின் பெயரை வைத்திருக்கிறாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை. "கிழிச்ச கடிதம் ஞாபகமிருக்கா?" என்றேன். "அதுக்கு அந்தம்மா என்ன செய்யும்? பாவம், அதுக்குத் தெரியாதுல்ல" என்றாள். ட்ரங்குப்பெட்டியிலிருந்து பத்தொன்பது கடிதங்களை எடுத்துப் போட்டாள். ஒரு பதில் இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னாள். அம்மா கை வெந்ததையும் சேர்த்து எழுதினோம். உறையில் விலாசம் எழுதக் கடிதங்களைப் புரட்டினேன். எல்லாமே ஆபீஸ் வழியாக வந்தவை. எங்கள் பள்ளிக்கூடம், அப்பா தொழில், வீட்டில் எத்தனை பேர் என்பது வரைக்கும் அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் எந்த ஊர் என்று பத்தொன்பதில் ஒன்றிலும் இல்லை.