போலியோ வைரஸ்: செல்லில் தேடுவதா, மரபணுவில் படிப்பதா?

குழந்தையின் கையோ காலோ திடீரெனத் தொய்ந்துபோனால், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுத்து, குளிர் குறையாமல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். கிண்டி கிங் நிலையத்தில் உள்ளது போன்ற போலியோ ஆய்வகங்களில் அந்த மாதிரியை விசாரிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வைரஸை வளர்த்துப் பார்ப்பது. மற்றொன்று அதன் மரபணுவைப் படிப்பது.

வளர்க்கும் வழிக்கு அடித்தளம் இட்டது 1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் செய்த வேலை. நரம்பு அல்லாத மனிதத் திசுவிலும் போலியோ வைரஸ் பெருகும் என்று காட்டி, 1954இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று முக்கியமாக இரண்டு செல் வகைகள் புழங்குகின்றன. மனிதத் தசைப் புற்றுக்கட்டியிலிருந்து வந்த ஆர்டி செல்லில் போலியோ உள்ளிட்ட பல என்டரோ வைரஸ்கள் வளரும். எல்20பி என்பது எலியின் செல். போலியோ வைரஸ் பற்றிக்கொள்ளும் மனித ஏற்பியை அதில் புகுத்தியிருக்கிறார்கள். அதனால் போலியோவைத் தனியே பிரித்தெடுக்க அது உதவுகிறது. தொற்றிய செல்கள் உருண்டு, கண்ணாடியை விட்டுக் கழன்று மிதக்கும். தினமும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஐந்து நாள் பார்த்து, புதிய செல்லுக்கு மாற்றி, மறுபடியும் ஐந்து நாள்.

இந்த வழியில், வளர்ந்த போலியோ வைரஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் வகைகளில் எது என்று பிரிக்க எதிர்ச்சீரம் வேண்டும். வைரஸோடு அதைக் கலந்து, ஒரு மணி நேரம் உடல் வெப்பத்தில் வைத்து, செல்லின் மேல் ஊற்றுவார்கள். எந்த வகைக்குரிய சீரம் செல்லைக் காப்பாற்றுகிறதோ அதுவே வைரஸின் வகை. எளிமையான, அழகான தர்க்கம். ஆனால் மாதிரியில் இரண்டு வகைகள் கலந்திருந்தால் விடை குழம்பும். மற்ற என்டரோ வைரஸ்களுக்காகக் குதிரைச் சீரத்தில் தயாரித்த கலவைகளும் உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத புது வகை வந்தால் அவை கைவிரித்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை வேறு. வழக்கமான சீரச் சோதனை ‘இது ஒன்றாம் வகை’ என்று மட்டுமே சொல்லும். சொட்டு மருந்திலிருந்து வந்த வைரஸா, காட்டு வைரஸா என்று சொல்லாது. தனியாகத் தேர்ந்த சீரங்களைக் கொண்ட எலைசா சோதனை ஒன்று சில காலம் அந்த இடத்தை நிரப்பியது.

மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை, மருந்து வைரஸையும் காட்டு வைரஸையும் சில மணி நேரத்தில் பிரித்துக் காட்டுகிறது. அதற்கடுத்து, வைரஸின் மரபணுவில் சுமார் 900 எழுத்துகள் கொண்ட விபி1 என்னும் பகுதியை வரிசைப்படுத்துகிறார்கள். மருந்து வைரஸிலிருந்து ஒன்றாம், மூன்றாம் வகைகளில் குறைந்தது 10 எழுத்துகளோ இரண்டாம் வகையில் குறைந்தது 6 எழுத்துகளோ மாறியிருந்தால், அது ஊரில் சுற்றித் திரிந்து மாறிய வைரஸ் என்று சந்தேகிக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் மாறுவதால், எவ்வளவு காலம் கண்ணில் படாமல் பரவியது என்பதையும் கணிக்கலாம். இந்தக் கணக்கைச் சீரத்திடம் எதிர்பார்க்கவே முடியாது.

இதனால் செல் வளர்ப்பைப் பழங்கதை என்று தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிசிஆருக்குச் செத்த வைரஸின் துண்டும் போதும். தொற்றும் திறன் மிச்சமிருக்கிறதா என்பதற்குச் செல்தான் சாட்சி. மேலும், மாதிரியில் மிகக் குறைவாக உள்ள வைரஸை வரிசைப்படுத்தும் அளவுக்குப் பெருக்கித் தருவதும் அதுதான்.

ஆனால் அந்தப் பெருக்கமே இப்போது சிக்கலாகிவிட்டது. இரண்டாம் வகைக் காட்டு வைரஸ் கடைசியாக 1999இல் அலிகாரில் அகப்பட்டது. 2016 ஏப்ரலில் வழக்கமான சொட்டு மருந்திலிருந்தும் அந்த வகையை நீக்கிவிட்டார்கள். உலகிலிருந்து துரத்திய ஒன்றை ஆய்வகக் குடுவையில் கோடிக்கணக்கில் பெருக்குவது ஆபத்து. அதனால்தான் மலத்திலிருந்து நேரடியாக வைரஸின் மரபணுவான ஆர்என்ஏவைப் பிரித்து வரிசைப்படுத்தும் முறைகளை ஆய்வகங்கள் கையில் எடுத்துள்ளன.