மறைந்த கல்லூரியும் பழைய மாணவரும்

பழைய மாணவர் தாம் பயின்ற கல்லூரிக்குப் பொருளுதவி புரிதல் பெருவழக்கு. கல்லூரியே மறைந்துவிடின் அவர்தம் கடன் யாது? யாழ்ப்பாண வரலாறு இதற்கு விடை தருகின்றது. அமெரிக்க மிசனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி, ஆங்கில உயர்கல்வியினும் தாய்மொழிவழிச் சமயப்பணியே தக்கதென்னும் கொள்கை மேலோங்கியமையால், 1855இல் மூடப்பெற்றது. ஆங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராயினார். பின்னர்த் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்துத் தாம் பெற்ற கல்வியைத் தமிழுக்கு ஆக்கினார். செமினரியின் பழைய மாணவர் பலர் உயர்கல்வி நிலையம் மீண்டும் வேண்டுமென முயன்றனர். அம்முயற்சியின் பயனாக, 17 ஆண்டு இடைவெளிக்குப்பின், 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று. கற்ற இடம் மறையினும், கற்றவர் தம் கடன் உணர்வாராயின் கல்லூரி மீளும் என்பது இதனாற் பெறப்படும்.