கடாரம் பற்றிய ஒரு கேள்வி

மலேசியாவில் தென்கிழக்காசியத் தொல்வரலாறு கற்பிக்கும் எவரும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப இயலாது. கோயில் மண்டபச் சொற்பொழிவாயினும் ஆசிரியர் பயிலரங்காயினும், உரை முடிந்ததும் ஒருவர் எழுந்து, “இராசேந்திர சோழன் கெடாவை எத்தனை ஆண்டுகள் ஆண்டான்?” என வினவுவார். ஆண்டான் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆண்டுக் கணக்கு மட்டுமே வேண்டும். ‘ஆண்டதற்குச் சான்றில்லை’ என்றால் அவையில் அமைதி நிலவும். அவ்வமைதியில் ஏமாற்றத்தைக் காட்டிலும், ‘இவரும் நம் வரலாற்றை மறைப்பவர்தாமோ’ என்னும் ஐயமே மிகுதி.

சான்றுகள் கூறுவது இதுதான். ஏறத்தாழ 1025-இல் நிகழ்ந்த படையெடுப்பை இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கிறது. கடல் கடந்து கலங்கள் சென்றதையும், கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் யானைகளோடு பிடிபட்டதையும், அவன் குவித்திருந்த செல்வமும் விச்சாதிரத் தோரணமும் கைப்பற்றப்பட்டதையும் அது கூறுகிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, இலங்காசோகம், மாதமாலிங்கம் முதலிய ஊர்களும் அதில் வரிசையாக இடம்பெறுகின்றன. ஆனால் அங்கு ஆளுநரை அமர்த்தியதாகவோ, வரி தண்டியதாகவோ, குடியேற்றம் செய்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை. சோழர் தாம் ஆண்ட ஈழத்தில் விட்டுச்சென்ற கல்வெட்டுகளைப் போன்றவை கெடாவில் கிடைத்தில. பின்னர் வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, தன் அடிபணிந்த அதன் அரசனுக்கே மீட்டுக் கொடுத்ததாக அவனது கல்வெட்டே உரைக்கிறது. வென்றதும் ஆண்டதும் வேறு வேறு என்பதைச் சோழர் தாமே எழுதிவைத்துள்ளனர்.

பொதுமக்களின் பிழையை எண்ணி நகைக்கும் உரிமை நம் துறையினர்க்கு இல்லை என்பதே என் கருத்து. அப்பிழையை ஆக்கியளித்தவர்களுள் நம் முன்னோடிகளும் உளர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடாரம் பர்மாவில் இருந்ததாக அறிஞர்கள் எழுதினர். பெகு அருகே கிடைத்த இரு கருங்கற்றூண்கள் இராசேந்திரனின் வெற்றித்தூண்கள் என்றே கருதப்பட்டன. 1918-இல் ஜார்ஜ் செடெஸ் ஸ்ரீவிஜயம் பற்றி எழுதிய பின்னரே அக்கொள்கை வலுவிழந்தது. பூஜாங் பள்ளத்தாக்கை அகழ்ந்த குவாரிச் வேல்ஸ் 1940-இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே ‘இந்தியக் குடியேற்றம்’ என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. ஆர்.சி. மஜும்தார் இப்பகுதி அரசுகளைத் தொன்மையான இந்தியக் குடியேற்றங்கள் என்றே நூற்றலைப்பிட்டு எழுதினார். 1934-இலேயே வான் லூர் இதனை மறுத்தார். ஆனால் அம்மறுப்பு அறிஞர் வட்டத்தைத் தாண்டவில்லை. வட்டத்தைத் தாண்டியவை அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’, சாண்டில்யனின் ‘கடல் புறா’ போன்ற புதினங்கள். இன்று அவையில் எழுந்து வினவும் முதியவர், நாம் கைவிட்ட பழைய பாடநூலையே நம்மிடம் திருப்பித் தருகிறார்.

ஆயினும் ‘இல்லை’ என்பதோடு நிறுத்துவது திருத்தமாகாது. படையெடுப்பிற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், கடாரத்தரசன் எடுப்பித்த நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்தான். லெய்டன் பெரிய செப்பேடு அதற்குச் சான்று. 1090-இல் கடாரத்துத் தூதர்களின் வேண்டுகோளுக்கிணங்க, முதற் குலோத்துங்கன் அவ்விகாரத்து ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். ஆண்டான்–அடிமை உறவாக இதனைச் சுருக்கினால், ஒரு மலாய் உலக அரசன் தமிழ் மண்ணில் கோயிலெடுத்த செய்தியன்றோ மறைகிறது? வணிகரின் கதை இதனினும் வளமானது. சுமத்ராவின் லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் கல்வெட்டு கிடைத்துள்ளது. அரசன் பெயரால் அன்றிக் குழுவின் பெயரால் தமிழர் அங்கு இயங்கினர்.

இக்கேள்வியின் உள்ளுறையையும் நாம் அறிதல் வேண்டும். பால்மரக் காட்டிற்குக் கொண்டுவரப்பட்ட கூலிகளின் வழித்தோன்றல்கள் என்று மட்டுமே பாடநூலில் தம்மைக் காண்பவர், அதற்கு முந்திய ஒரு வாயிலைத் தேடுகின்றனர். அது குற்றமன்று. 2013 இறுதியில் சுங்கை பத்து தோட்டத்தில் 11-ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலம் திருத்தப்பட்டபோது இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வெளியாயிற்று. அது அரசிதழில் மரபுடைமையாகப் பதிவு பெறாத தனியார் நிலம். அன்று கொதித்தெழுந்தோருள், அச்சண்டியை இராசேந்திரன் கட்டினான் என நம்பியவர்களை நானறிவேன். அவர்தம் காலக்கணக்கு பிழை. ஆனால் அச்செங்கற்களுக்காக வருந்தியவர்கள் அவர்களே. சரியான காலத்தை அறிந்திருந்த நம்மிற் பலர் அதற்குமுன் அக்கட்டடத்தைப் பற்றிப் பொதுமேடையில் ஒருமுறையேனும் பேசியதுண்டா?

அண்மைக் காலமாக வகுப்பில் நான் மெய்க்கீர்த்தியின் பாடத்தையே மாணவர் கையில் கொடுத்து, அதிலுள்ள வினைச்சொற்களை மட்டும் எடுத்தெழுதச் சொல்கிறேன். ஆண்டமைக்குரிய வினையைத் தேடிக் காணாமல் அவர்களே வியப்பர். பயிலரங்கொன்றில் இதைச் செய்து முடித்தபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சற்றே சினத்துடன், “அப்படியானால் நம்மவர் இங்கு என்னதான் செய்தார்கள்?” என்றார். தென் தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பற்றிக் கூறினேன்: அவனிநாரணம் என்று பெயரிட்டுக் குளம் ஒன்று தோண்டி, அதனை மணிக்கிராமத்தார் முதலியோர் காவலில் விட்ட செய்தி. அவர் கல்வெட்டுப் பாடத்தைக் கேட்டு வாங்கிச் சென்றார்.