சுத்தாங்கம்

சுத்தாங்கம் என்பது தேவாரப் பாடல்களைத் தாளக்கட்டின்றிப் பண்ணோடு பாடும் முறையாகும். தாளத்துடன் பாடுவது பண்ணாங்கம் எனப்படும். அருப்புக்கோட்டையை அடுத்த திருச்சுழி மீது சுந்தரர் பாடிய நட்டபாடைப் பண் பதிகத்தையும் (ஏழாம் திருமுறை, 82) சுத்தாங்கமாகப் பாடலாம்.

ஒலிப்பதிவு

திரையிசைப் பதிவுகளில் கலைஞர்கள் பெரும்பாலும் தனித்தனியே பாடியும் வாசித்தும் பதிவு செய்கின்றனர். அவர்களது ஹெட்போனில் ஒலிக்கும் சீரான தட்டொலியே (கிளிக் டிராக்) அவற்றை ஒன்றிணைக்கிறது. சுத்தாங்கத்தில் இடைவெளிகளைச் சொற்பொருளும் ஓதுவாரின் மூச்சும் முடிவு செய்வதால் தட்டொலி பொருந்தாது. சுருதி மட்டுமே துணை. எனவே வயலின் முதலிய பக்க இசையை உடன் வாசித்து ஒரே நேரத்தில் பதிவு செய்வது ஏற்றது.

பின்னர்க் கணினியில் அசைகளைச் சம இடைவெளிக்கு நகர்த்தினாலோ, மௌனங்களை வெட்டினாலோ சுருதி கெடாது. பொருள் நிறுத்தம் சிதையும். பதிவைக் கேட்டுப் பதிகம் கற்போருக்கு அந்நிறுத்தங்களும் பாடமாகும்.