எண்பது நாள் கணக்கு

பேறுகாலச் சம்பளம் முதலாளி போடும் பிச்சை அல்ல. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அதற்கான மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். பெண்களை வைத்தால் லாபம் அதிகம் என்றுதான் முதலாளிகள் அவர்களை வேலைக்கு எடுக்கிறார்கள். பேறுகாலச் செலவையும் ஓரளவேனும் ஏற்கட்டும் என்றார். 1929இல் அது சட்டமானது. 1961இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 2017இல், உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்கும் குறைவாக இருக்கும் பெண்ணுக்கு 26 வார விடுப்பு என்றானது.

ஆனால் பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். திருப்பூரில் கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குப் பிசிறு வெட்டும், கைமடிக்கும் பெண்ணின் பெயர் பதிவேட்டில் ஏறாவிட்டால், வருடம் முழுக்க உழைத்தும் அந்த 80 நாளை அவளால் காட்ட முடியாது. லாபம் கம்பெனிக் கணக்கில். பிரசவம் அவள் கடன் கணக்கில்.

பதிவேட்டில் பெயர்: அதுவே நம் முதல் கோரிக்கை.