சிவப்புப் பந்து உங்கள் நாயின் கண்ணில் ஏன் படுவதில்லை?

புல்வெளியில் சிவப்புப் பந்தை வீசுகிறீர்கள். உங்கள் நாய் பாய்ந்து ஓடுகிறது. பந்து பக்கத்திலேயே கிடந்தும், அது மோப்பம் பிடித்துத் தேடுகிறது. "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று திட்டாதீர்கள். பிரச்சினை பந்தின் நிறத்தில்!

நாய்களுக்குக் கறுப்பு வெள்ளை மட்டும்தான் தெரியும் என்று பலர் நினைக்கிறோம். அது உண்மையல்ல.

நிறத்தை உணரும் கூம்பு உயிரணுக்கள் நமது கண்ணில் 3 வகை. நாய்க்கு 2 வகைதான். 1989இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெவ்வேறு நிற ஒளிகளைக் காட்டி அதைச் சோதித்தனர். பங்கேற்றவை மூன்றே மூன்று நாய்கள்!

நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, மங்கிய மஞ்சள் அல்லது பழுப்பாகத் தெரியும். அதனால்தான் சிவப்புப் பந்து புல்லோடு கலந்துவிடுகிறது. அடுத்த முறை நீலப் பந்து வாங்கிப் பாருங்களேன்.

காட்டில் வாழும் நரிகளின் கண்களும் அப்படித்தான். மங்கிய வெளிச்சத்தில் இரை தேடும் விலங்குகளுக்கு நிறத்தைவிட அசைவுதான் முக்கியம். நாய், நரி இரண்டுக்குமே விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. இரவில் கண் மின்னுவது அதனால்தான்.

அப்படியென்றால் பார்வையற்றோரின் வழிகாட்டி நாய், பச்சை விளக்கைப் பார்த்துச் சாலையைக் கடப்பதில்லையா?

இல்லை. வாகனச் சத்தத்தையும் சமிக்ஞை ஒலியையும் கேட்டு, எப்போது கடப்பது என்று முடிவெடுப்பவர் அதன் உரிமையாளர். வாகனம் நெருங்கினால் நகர மறுப்பது நாயின் வேலை. அந்த நேரத்தில் அதைக் கூப்பிட்டுக் கொஞ்சாதீர்கள், ப்ளீஸ்.